நொய்யல் கரைக் கிணறுகளில் உப்பு நகர்வதைக் கணினியில் மாதிரியாக்கி, இறைப்பைத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழும் மேலும் உள்ள ஊர்களில் ஒரு தோட்டத்துத் தண்ணீரில் மஞ்சள் விளையும். நானூறு அடி தள்ளியிருக்கும் அடுத்த தோட்டத்தில் தென்னையே இலை கருகும். திருப்பூர்ச் சாய ஆலைக் கழிவோடு ஆற்றில் வந்து நிலத்தடி நீரில் இறங்கிய இந்த உப்பு எந்தப் பக்கம் நகர்கிறது, யார் எவ்வளவு இறைத்தால் அது நிற்கும் என்று கணினியில் ஒரு மாதிரி கட்டிப் பார்க்கத்தான் இந்த வேலை. முறை கடற்கரையில் கடல்நீர் உட்புகுவதைக் கணிக்கப் பயன்படுவதுதான். பாறைநாட்டுக்கு அதில் சில இடங்களை மாற்ற வேண்டும். கல்லூரி முடித்து இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முன்படியில் விட்ட பிழை, மூன்று மாதம் கழித்துப் பின்படியில்தான் தலைகாட்டும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“நொய்யல் நிலத்தடி நீர் மாதிரி” என்பது கேள்வி ஆகாது. “ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளில் கோடை இறைப்பைப் பாதியாக்கினால், மேட்டுக்காட்டுக் கிணறுகளில் உப்பு ஏறுவது நிற்குமா?” என்பதுதான் கேள்வி.

எவ்வளவு பரப்பு, எத்தனை வருடம், நிலத்தைக் கணினியில் எவ்வளவு சிறிய கட்டமாகப் பிரிப்பது என்பதையெல்லாம் இந்த வரிதான் முடிவு செய்யும். புதியவர்கள் வெள்ளியங்கிரி மலையிலிருந்து காவிரி சேரும் இடம் வரை மொத்தப் படுகையையும் எடுத்துக்கொள்வார்கள். அது ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீட்டர். அவ்வளவு இடத்துக்குக் கிணறு அளக்க ஆள் கிடையாது. 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் போதும். அதில் ஆறும் இருக்க வேண்டும், தண்ணீர் இரு பக்கமாகப் பிரியும் மேடும் இருக்க வேண்டும்.

2. கடற்கரை முறையில் எதை எடுப்பது, எதை விடுவது

கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. ஒரு கன மீட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிலோ என்றால் கடல்நீர் 1,025 கிலோ. இந்த எடை வித்தியாசத்தால்தான் கடற்கரையில் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்து இறக்கினால் கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கணினி மாதிரி செய்பவர்கள் எடை வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சீவாட் போன்ற நிரலை எடுப்பது அதனால்தான்.

நம் கிணற்றில் 4,000 மில்லிகிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். எடை வித்தியாசம் கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்குள், அதாவது சுமார் 0.3 சதவீதம். இதை நீர்மட்டச் சரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறைக்கும் கிணற்றைச் சுற்றிச் சில பத்து மீட்டருக்குள் மட்டம் பல மீட்டர் இறங்கும். அங்கே எடை வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் யாரும் இறைக்காத இடத்தில் சரிவு கிலோமீட்டருக்கு 5 மீட்டர்தான் என்றால் அது 0.5 சதவீதம்; 0.3 அதற்கு அருகில் வந்துவிடுகிறது.

அதனால் முதலில் எடை வித்தியாசம் இல்லாமலே செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதைச் சேர்த்து ஒரு முறை மட்டும் ஓட்டி, முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். அணைப் படுகைக்கு அடியிலும் கைவிட்ட கிணறுகளுக்குப் பக்கத்திலும்தான் மாற வாய்ப்பு.

3. கணினியைத் திறப்பதற்கு முன்

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு தாள் போடுங்கள். திறந்த கிணறா, போரா, கிணற்றுக்குள் பக்கவாட்டில் போட்ட சைடு போரோ அடியில் இறக்கிய போரோ உண்டா, எத்தனை அடி, மேல்மண் சரியாமல் காக்கும் கேசிங் பைப் எத்தனை அடி வரை இறக்கியிருக்கிறது, மோட்டார் எத்தனை ஹெச்பி, கோடையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருபத்தைந்து சதுர கிலோமீட்டருக்கு நாற்பது கிணறாவது பாருங்கள்.

திறந்த கிணற்றை எட்டிப் பார்க்காமல் நகராதீர்கள். மேலே செம்மண், அதற்குக் கீழ் சுக்காங்கல் (சுண்ணாம்புப் படிவு), பிறகு சிதைந்த பாறை, அடியில் கெட்டிப் பாறை என்று அந்தச் சுவரே உங்களுக்கு அடுக்குப்படம் போட்டுக் காட்டும். ஊத்து எந்த மட்டத்தில் கசிகிறது என்பதும் ஈரத்தில் தெரியும். இவ்வளவு விவரத்தைப் பணம் கொடுத்துத் துளை போட்டாலும் வாங்க முடியாது.

மழை அளவு தாலுகா மழைமானியிலிருந்து கிடைக்கும். வாய்க்கால் திறந்த நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னிமலைப் பக்கம் கீழ்பவானி, காங்கேயம் வெள்ளகோவில் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறும். அதை மழை ஏற்றியது என்று நினைத்தால் கணக்கு முழுக்கக் கோணலாகிவிடும்.

4. கிணற்று வாயின் உயரத்தை அளந்தே எடுங்கள்

மிக அதிகமான மாதிரிகள் கெட்டுப்போவது இந்தப் படியில்தான்.

நீர்மட்டம் கீழே எத்தனை மீட்டர் என்று நாடா போட்டு சென்டிமீட்டர் சுத்தமாக அளப்பார்கள். அதைக் கடல் மட்டத்திலிருந்து உயரமாக மாற்ற, கிணற்று வாயின் உயரத்தைச் செயற்கைக்கோள் உயரப்படத்திலிருந்து எடுப்பார்கள். அந்தப் படத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். மூன்று கிலோமீட்டருக்கு மொத்தச் சரிவே பதினைந்து மீட்டர் இருக்கும் இடத்தில் அந்தப் பிழை ஓட்டத்தின் திசையையே திருப்பிவிடும்.

இரண்டு பெண்கள் இரண்டு மாதம் உழைத்துப் போட்ட நீர்மட்டப் படத்தில், மேட்டுக்காட்டில் ஒரு கிணற்றைச் சுற்றித் தண்ணீர் குவிந்து நின்றது. மண்ணுக்கு அடியில் அப்படி ஒரு குன்று நிற்க எந்தக் காரணமும் இல்லை. போய்ப் பார்த்தால், கிணற்றை ஒட்டி அடர்ந்த தென்னந்தோப்பு. செயற்கைக்கோள் மட்டையின் உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. உயரத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவி வைத்து அளந்ததும் அந்தக் குன்று காணாமல் போனது, அம்புக்குறிகள் ஆற்றின் பக்கம் திரும்பின.

டிஜிபிஎஸ் கருவியை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) வைத்து, கடல் மட்ட உயரம் தெரிந்த பக்கத்துக் குறிக்கல்லிலிருந்து இழுத்து வாருங்கள். எந்தப் புள்ளியிலிருந்து நாடா விடுகிறீர்களோ, அதே புள்ளியில் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை வேறொருவர் அளக்க வந்தாலும் அதே கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

5. மட்டமும் உப்பும் அளக்கும் நேரம்

முத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னது இன்னும் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது: “ஏன் கண்ணு, மும்முனைக் கரண்டு வர்றதுக்கு முன்னாலயே வந்துருங்க. மோட்டாரப் போட்டுட்டா அப்புறம் நீங்க அளக்கறது எங்கூட்டுக் கிணத்த இல்ல, எம்மோட்டாரத்தான்.”

அவர் சொன்னதுதான் விதி. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை ஊரில் கேட்டுக்கொண்டு அதற்கு முன்பே மட்டத்தை அளந்து முடியுங்கள். இரவெல்லாம் ஊறி நின்ற மட்டம்தான் பாறையின் மட்டம். கோடை முடிவில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை என வருடத்துக்கு இரண்டு அளவு கட்டாயம். பத்துக் கிணற்றிலாவது மாதாமாதம் எடுங்கள்.

உப்புக்கு ஈசி மீட்டர் (தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் கருவி) போதும். அளவு தெரிந்த 1,413 மைக்ரோ சீமென்ஸ் திரவத்தில் அன்றன்று காலையில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்த கிணற்றில் மேல்தண்ணீரை மட்டும் வாளியில் மொண்டு அளக்காதீர்கள். மழை பெய்த வாரத்தில் மேலே நல்ல தண்ணீர் மிதக்கும், அடியில் உப்பு கிடக்கும். மேல், நடு, அடி என மூன்று இடத்தில் முனையை இறக்கி அளக்க வேண்டும். போரில் மோட்டாரை ஓடவிட்டு, அடுத்தடுத்து எடுக்கும் அளவு மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள். முதலில் வருவது குழாயில் தேங்கிய தண்ணீர்.

ஈசியை 0.64ஆல் பெருக்கினால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) என்று எல்லோரும் செய்வார்கள். உப்பின் வகையைப் பொறுத்து அந்த எண் மாறும். பத்துக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி உங்கள் ஊருக்கான எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதோடு குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியில் ஓட்ட வேண்டியது டிடிஎஸ்ஸை அல்ல, குளோரைடைத்தான். சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், கால்சியம் சுக்காங்கல்லாகப் படியும். குளோரைடு எதிலும் ஒட்டாது, தண்ணீர் போகும் வழியில் தானும் போகும்.

6. முதல் மாதிரியைக் காகிதத்தில் போடுங்கள்

ஆற்றிலிருந்து மேடு வரை ஒரு குறுக்குவெட்டு. மேலடுக்கு மண்ணும் சிதைந்த பாறையும், கீழடுக்கு வெடிப்புப் பாறை, அதற்கும் கீழே தண்ணீர் நகராத எல்லை. இரண்டு அடுக்கு போதும். மேட்டின் உச்சியில் தண்ணீர் தாண்டாத எல்லை, ஆற்றில் தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் போகக்கூடிய எல்லை.

சிதைந்த பாறையில் வடியும் தண்ணீரின் பங்குக்கு, நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1997ஆம் ஆண்டு நெறிமுறை களிமண் குறைந்த இடத்துக்கு 3 சதவீதமும் களிமண் மிகுந்த இடத்துக்கு 1.5 சதவீதமும் சொல்கிறது. மழையில் கீழிறங்கும் பங்கு முறையே 11, 8 சதவீதம். 600 மில்லிமீட்டர் மழையில் 66 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஆரம்பியுங்கள்.

கடற்கரை மணலில் பழகியவர்கள் இங்கே ஒரு பெரிய தவறு செய்கிறார்கள். பாறை என்றால் உப்பு மெதுவாக நகரும் என்று நினைத்துவிடுகிறார்கள். கடத்துத்திறனைச் சரிவால் பெருக்கி, இடுக்கின் பங்கால் வகுத்துப் பாருங்கள். மணலில் நீர்க்கடத்துத்திறன் நாளுக்கு 20 மீட்டர், சரிவு ஆயிரத்தில் ஒன்று, தண்ணீர் ஓடும் இடுக்கு 25 சதவீதம் என்றால் உப்பு நாளுக்கு 8 சென்டிமீட்டர் நகரும். சிதைந்த பாறையில் கடத்துத்திறன் 1 மீட்டர்தான், ஆனால் சரிவு ஆயிரத்தில் ஐந்து, இடுக்கு வெறும் 2 சதவீதம். நாளுக்கு 25 சென்டிமீட்டர், வருடத்துக்குத் தொண்ணூறு மீட்டருக்கு மேல். இடுக்கு குறுகியதால் அதே தண்ணீர் வேகமாக ஓடுகிறது. இடுக்குக்கு 25 சதவீதம் என்ற பாடப்புத்தக எண்ணை அப்படியே போட்டால் உங்கள் உப்பு பத்து மடங்குக்கு மேல் மெதுவாக நகரும்.

நல்ல மழை வருடத்தில் ஈசி இறங்கி, அடுத்த கோடையில் பழையபடி ஏறும் கிணறுகள் உண்டு. களிமண்ணிலும் மூடிய வெடிப்பிலும் ஊறிக் கிடக்கும் உப்பு மெல்ல வெளியே வருவதால் அப்படி. மாட்ஃப்ளோ 6 என்ற நிலத்தடி நீர் நிரலில், நகராத நீரில் தங்கும் உப்புக்கென்று தனிப் பொதி (நிரலோடு வரும் துணைப் பகுதி) இருக்கிறது. அந்தக் கிணறுகளைச் சரியாகப் பொருத்த அது தேவைப்படும்.

7. நிரலும் கட்டமும்

மாட்ஃப்ளோ 6ஐ அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தருகிறது. திரையில் வரைந்து செய்ய மாடல்மியூஸ், பைத்தான் தெரிந்தால் ஃப்ளோபை. வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ். சாதாரண மடிக்கணினி போதும்.

கட்டத்தின் அளவை உப்புதான் சொல்லும். உப்பு நகரும்போது எவ்வளவு சிதறுகிறது என்பதைக் காட்டும் நீளத்தை 10 மீட்டர் என்று எடுத்தால், கட்டம் அதன் இரண்டு மடங்குக்கு, அதாவது 20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் நிரல் தன் பிழையாலேயே உப்பைப் பரப்பிவிடும், நீங்கள் அதை இயற்கை என்று நம்பிவிடுவீர்கள். ஐந்துக்கு ஐந்து கிலோமீட்டரை 20 மீட்டராகப் பிரித்தால் ஓர் அடுக்குக்கு 62,500 கட்டம். கணினி தாங்கும். காலப்படியையும் ஒரு படியில் உப்பு ஒரு கட்டத்தைத் தாண்டாதபடி வையுங்கள்.

அடியில் போர் இறக்கிய கிணற்றைச் சாதாரணக் கிணறாக எழுதாதீர்கள். அது இரண்டு அடுக்கையும் இணைக்கும் குழாய். மோட்டார் நிற்கும்போதும் அதன் வழியாக மேலுப்பு கீழே இறங்கும். பல அடுக்குக் கிணற்றுக்கான பொதியில்தான் அதைப் போட வேண்டும். கேசிங் குறைவாக இறக்கிய போருக்கும் இதேதான். ஆயிரம் அடி போரில் உப்பு வந்துவிட்டது என்று கேட்டால், பல நேரம் அது ஆழத்து உப்பு இல்லை, மேலிருந்து வழிந்தது.

8. இறைப்பை எழுதுவது

ஹெச்பியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 200 லிட்டர் பேரலை வாய்க்கு நேரே வைத்து நிறையும் நேரத்தைப் பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு 108 கன மீட்டர். பிறகு, கோடையில் எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் வத்துகிறது என்று கேளுங்கள். ஆறு மணி நேரம் கரண்டு இருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் மோட்டார் காற்றடிக்கும் கிணறுகள்தான் அதிகம்.

பயிரை வைத்து இதைச் சோதியுங்கள். ஓர் ஏக்கருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் 20 கன மீட்டர். 108 கன மீட்டர் இறைப்பதாக எழுதியவர் தோட்டத்தில் ஐந்து ஏக்கர் பச்சையாக இருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர்தான் இருக்கிறது என்றால் உங்கள் மணிக்கணக்கு தவறு.

அடுத்தது, அனுபவம் உள்ளவர்களும் விடும் பிழை. நிரலில் கிணறு தண்ணீரை வெளியே எடுத்தால் உப்பும் அதோடு வெளியே போய்விடும். அதனால் திரையில் வருடத்துக்கு வருடம் ஊர் நல்லதாகிக்கொண்டே வரும். உண்மையில் அந்த உப்பு வயலில்தான் விழுகிறது. 800 மில்லிகிராம் குளோரைடு உள்ள 100 பங்கு தண்ணீர் பாய்ச்சி, 75 பங்கு பயிரும் வெயிலும் குடித்து, 25 பங்கு கீழே இறங்கினால், இறங்கும் தண்ணீரில் 3,200 மில்லிகிராம். திரும்பிப் போகும் நீரில் இந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். இதைச் சேர்த்த அன்றுதான் உங்கள் கணினி மாதிரி நம் ஊர் போல நடந்துகொள்ளத் தொடங்கும்.

அடியும் மீட்டரும் கலக்காமல், எல்லாவற்றையும் மீட்டர், நாள் என்ற ஒரே அளவில் எழுதுங்கள்.

9. ஓட்டம் முதலில், உப்பு பிறகு

மாதிரி காட்டும் நீர்மட்டம் நீங்கள் அளந்த மட்டத்தோடு பொருந்தும்வரை உப்பைத் தொடாதீர்கள். ஓட்டத்தின் திசை தவறாக இருந்தால் உப்பை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. சரியானது போலத் தோன்றினால் அது இன்னும் ஆபத்து.

முதலில் சராசரி வருடத்துக்கு ஒரு நிலையான ஓட்டம், பிறகு மாதாமாதம் மாறும் ஓட்டம். கோடையில் மேலடுக்குக் கட்டங்கள் வறண்டு நிரல் நின்றுபோகும். வறண்ட கட்டத்தையும் சமாளிக்கும் நியூட்டன் முறையை நிரலில் இயக்கி வையுங்கள். தண்ணீர்க் கணக்கில் வரவு செலவு வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பொருத்தும்போது ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கடத்துத்திறன் கொடுக்காதீர்கள். பாறை வகையைப் பார்த்து நான்கைந்து மண்டலம் போதும். கையால் செய்து புரிந்துகொண்ட பிறகு தானாகப் பொருத்தித் தரும் பெஸ்ட் நிரலிடம் கொடுங்கள். சில வருட அளவுகளைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அவற்றோடு ஒப்பிடுங்கள்.

உப்பின் வரலாறும் இரண்டு பகுதி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத முறைக்கு மாறாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஆற்றில் ஒரே உப்பு அளவைப் போடக்கூடாது. ஆரம்ப உப்புப் படத்தை நீங்கள் அளந்த அளவிலிருந்தே போடுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே பாறையில் ஊறிய உப்பை மாதிரி பார்க்கவே பார்க்காது.

10. இறைப்புத் திட்டங்களை ஒப்பிடுவது

இவ்வளவு உழைப்பும் இந்தப் படிக்காகத்தான். இப்போதுள்ளபடியே இறைப்பது, ஆற்றோரம் பாதியாக்குவது, மேட்டுப்பக்கம் பாதியாக்குவது, ஆற்றோரத்தில் வேண்டுமென்றே அதிகம் இறைத்து உப்பை அங்கேயே பிடித்துக்கொள்வது என நான்கையும் பத்து வருடத்துக்கு ஓட்டுங்கள். அந்தப் பத்து வருடத்தில் 2016 போல வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். எல்லா வருடமும் சராசரி மழை என்று ஓட்டினால் எல்லாத் திட்டமும் நல்லதாகத்தான் தெரியும்.

கடற்கரையில் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். இங்கே ஆற்றுப் படுகையின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். கரையோரக் கிணறுகளில் மட்டம் படுகைக்கு மேல் இருந்தால் நிலத்திலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் வடியும், உப்பும் அதோடு கழுவப்படும். கீழே போய்விட்டால் ஆற்று உப்பு தோட்டத்துக்குள் இழுக்கப்படும். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது, எந்தக் கிணறுகள் எவ்வளவு இறைக்கும்போது மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்பதைத்தான்.

கரையோரம் அதிகம் இறைத்து உப்பைப் பிடிக்கும் திட்டம் திரையில் அழகாக இருக்கும். அந்த உப்புத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். தென்னை ஓரளவு தாங்கும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் தாங்காது. போக இடம் இல்லையென்றால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

நிரலை ஒரே ஒரு முறை ஓட்டி வந்த முடிவைச் சொல்லாதீர்கள். கடத்துத்திறன், இடுக்கின் பங்கு, மழையில் இறங்கும் பங்கு மூன்றையும் மாற்றி முப்பது முறையாவது ஓட்டுங்கள். எல்லா ஓட்டத்திலும் ஒரே திட்டம் முன்னால் நின்றால் அதை ஊருக்குத் தைரியமாகச் சொல்லலாம். பாதியில் ஒன்றும் மறுபாதியில் வேறொன்றும் வந்தால், இன்னும் எந்தக் கிணற்றை அளக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

11. ஊருக்குக் கொண்டுபோவது

வண்ணப்படத்தை விரித்து வைத்தால் எல்லோரும் தன் தோட்டம் எங்கே என்றுதான் தேடுவார்கள். அதனால் தோட்ட எல்லைகளோடு, வாய்க்கால், கோயில், பள்ளம் எல்லாம் போட்டு அச்சடியுங்கள். மட்டத்தை மீட்டரில் சொல்லாமல் அடியில், கைப்பிடிச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று சொல்லுங்கள்.

கரையோரத்தில் ஐந்தாறு கிணறுகளைக் குறிகிணறாக எடுத்து, ஆற்றுப் படுகைக்குச் சமமான உயரத்தில் உள்சுவரில் இன்னொரு கோடு போடுங்கள். மட்டம் அந்தக் கோட்டுக்கு மேல் ஓரடி இருக்கும்போதே இறைப்பைக் குறைக்கும் முறையை ஊர்க்காரர்களே பேசி வைத்துக்கொள்ளட்டும். யாருடைய கிணறு முதலில் நிற்கும், யாருக்கு வாய்க்கால் முறை முன்னால் என்பதெல்லாம் அவர்கள் பேச வேண்டியது. அதற்குள் நீங்கள் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் வேலை, கேட்டதற்கு எண் சொல்வது மட்டும்.

ஜனவரியில் திரும்பப் போய் அதே சிவப்புக் கோட்டிலிருந்து அளந்து, மாதிரி சொன்ன மட்டத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதிகம் உள்ள கிணற்றுத் தாளை எடுத்து, மூன்றாம் படியிலிருந்து அந்தக் கிணற்றுக்கு மட்டும் மறுபடி தொடங்குங்கள்.